ஆலங்கரை ஏரி, காலை

நோட்டீஸ் வந்த அன்றைக்குக் கரைமேட்டில் முப்பத்தொரு வீடு பதறியது. முப்பத்திரண்டாவது வீடு செல்லக்கண்ணுவுடையது. அவர் மட்டும் பதறவில்லை.

பாகூர் பக்கம் ஆலங்கரை என்று ஓர் ஊர். ஊருக்கு மேற்கே ஏரி. கரைக்கும் வயலுக்கும் நடுவே கிடந்த மேட்டில், சொந்தமாகக் காணி நிலம்கூட இல்லாத கூலிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து குடிசை போட்டார்கள். குடிசைகள் ஓட்டு வீடுகளாகி, சில வீடுகள் தளமும் போட்டு, அதற்குக் கரைமேடு என்று பெயரும் வந்துவிட்டது. செல்லக்கண்ணு கல்யாணம் ஆன கையோடு அங்கே குடி வந்தவர். இப்போது அறுபது வயது. நடவு, அறுப்பு என்று முப்பது வருஷம் ஓடி, முட்டி வலி வந்த பிறகு ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வாட்ச்மேன்.

ஏரி இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றது நோட்டீஸ். 1995-க்கு முன்னாலிருந்தே குடியிருப்பதாக ஆதாரம் காட்டுகிறவர்களுக்கு மாற்று மனை கிடைக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு மாசத்தில் விசாரணை.

ஆதாரத்துக்கு எங்கே போவது? 2011-ல் அடித்த தானே புயலில் கூரையோடு டிரங்குப் பெட்டியும் போன வீடுகள் பாதி. ரேஷன் கார்டு தனியாகப் பிரிந்ததே இரண்டாயிரத்துக்கு அப்புறம்தான். பழைய வோட்டர் லிஸ்ட்டில் ஊர் பேர் இருக்கும், கரைமேடு என்று இருக்காது. எதிர்வீட்டுத் தமிழ்க்குமரன் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சி போயித் தேடுவோம் மாமா. ஸ்கூலு, ஆஸ்பத்திரின்னு எங்கன்னா ஒரு துண்டு சீட்டு கெடைக்காமலா பூடும்?" என்றான்.

"இன்னாத்துக்குடா அலையணும்?" என்றார் செல்லக்கண்ணு. "நம்ம இக்னேஷியஸ் சாரு எண்பத்தொம்போதுலயே நம்ம வூடுங்கள வரைஞ்சி தேதி போட்டு வெச்சிருக்காரு. அவரு வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும். அத வுட வேற இன்னா ஆதாரம் வோணும்?"

தமிழ்க்குமரனிடம் சொன்னதோடு விடவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஒன்பது வீட்டுக்காரர்கள் அதைக் காதில் வாங்காமல் அலைந்து எதையெதையோ தேடி எடுத்தார்கள். மற்றவர்கள் நம்பி உட்கார்ந்துவிட்டார்கள். செல்லக்கண்ணு சும்மா சொல்கிற ஆள் இல்லை, சொன்னால் இருக்கும் என்று நினைத்தார்கள்.

அவர் நம்பியதற்கும் காரணம் இருந்தது.

இக்னேஷியஸ் வில்லியனூர்க்காரர். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஆள். எண்பத்தொன்பதாம் வருஷம் கோடை லீவில் சைக்கிள் கேரியரில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கு வந்தார். மூன்று நாள் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரைச் சர்வே ஆள் என்று நினைத்து யாரும் கிட்டே போகவில்லை. நாலாம் நாள் கரையிலேயே சுருண்டு கிடந்தார். உடம்பு கொதித்தது. செல்லக்கண்ணுதான் தோளில் போட்டுத் தன் குடிசைக்குத் தூக்கி வந்தார். மறுநாள் பார்த்தால் உடம்பெல்லாம் அம்மை.

அம்மை போட்ட ஆளை எப்படி அனுப்புவது? பதினோரு நாள் அங்கேயே வேப்பிலைப் படுக்கை. மகாலட்சுமி அப்போது புதுப்பெண், பத்தொன்பது வயசு. கூழும் இளநீரும் கொடுத்து, மூன்று தண்ணி ஊற்றிய பிறகுதான் அவரை எழுந்து நடக்கவிட்டாள். அந்தப் பதினோரு நாளும் புருஷனும் பெண்சாதியும் வெளியே கூரைச் சாய்ப்பில் படுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஊர்த் தெருக்காரர்கள் கூலிக்கு ஆள் கூப்பிட வந்தால் கரை மேலேயே நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். கீழே இறங்கி வர மாட்டார்கள். இக்னேஷியஸ் குனிந்து உள்ளே வந்தவர், அவர்கள் பானைத் தண்ணீரைக் குடித்தவர். அதற்கப்புறம் ஏழு வருஷம், லீவு விட்டால் நேராக இங்கேதான். "சாரு" என்று இவர் கூப்பிட, "கண்ணு" என்று அவர் கூப்பிட, கரைமேட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பழக்கமாகிவிட்டார்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து அவர் ஒரு நோட்டில் போடுவதெல்லாம் பென்சில் படம். அந்த நோட்டில் மதகு, பனை, நாரை, குடிசை, குடிசை வாசலில் காய்கிற புடவை என்று எல்லாம் இருக்கும். சாயம் வைத்துப் போடும் பெரிய படங்களை வில்லியனூர் வீட்டில்தான் போடுவார். அவற்றைச் செல்லக்கண்ணு பார்த்ததில்லை. "பெரிய படத்துல எங்க வூடு வருமா சார்?" என்று ஒரு தடவை கேட்டதற்கு, "நீ இல்லாம எனக்கு ஏரி ஏதுடா?" என்றார் இக்னேஷியஸ். செல்லக்கண்ணு முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டவர்.

நோட்டீஸ் வந்த பத்தாம் நாள் மகள் சுவேதா ஒரு செய்தியோடு வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். புதுச்சேரி டவுனில், கடற்கரைக்குப் பக்கத்தில் பழைய பிரெஞ்சுக்காரர் மாளிகை ஒன்றைத் தனியார் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அங்கே இக்னேஷியஸ் வரைந்த மொத்தப் படங்களையும் வைத்து அடுத்த மாசம் முழுக்கக் கண்காட்சி. நாற்பது வருஷத்து வேலை. பேப்பரில் அரைப்பக்கத்துக்கு அவர் போட்டோ.

செல்லக்கண்ணு உடனே போன் போட்டார். பேசி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

"கண்ணூ!" என்று அந்தப் பக்கம் கூவினார் இக்னேஷியஸ். "நானே கூப்பிடணும்னு இருந்தேண்டா. எழுபது வயசுல என்னத் தேடி வந்திருக்காங்கடா. நீ வரணும். மகாலட்சுமியையும் இட்டுக்கினு வா. நீதான் மொத விருந்தாளி."

நோட்டீஸைப் பற்றிப் போனில் சொல்ல வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் நம் கஷ்டத்தை எதற்கு இழுப்பது என்று நினைத்தார்.

கண்காட்சி திறக்கிற அன்றைக்கு மகாலட்சுமிக்குக் கால் வீக்கம். அப்பாவும் மகளும் மட்டும் ஸ்கூட்டியில் போனார்கள். செல்லக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டி, பேரன் காதுகுத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை, "பரவால்ல, போட்டுட்டே வாங்க" என்றான் நின்றிருந்த பையன். அப்படியும் கழற்றிவிட்டுத்தான் போனார். உள்ளே ஏசி குளிர். மரப்பலகைத் தரை வெறுங்காலுக்குச் சில்லென்றிருந்தது.

இக்னேஷியஸ் கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது, கையில் ஒரு தடி. இவரைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டார். அதற்குள் கதர் குர்தா போட்ட ஓர் இளைஞன் பக்கத்தில் வந்து, "யாரு சார்?" என்று கேட்டான். கலைவேந்தன் என்று பெயர். கண்காட்சியை நடத்துகிற நீர்ச்சுவடு அறக்கட்டளையின் செயலாளர்.

"ஏரிப் பக்கம் தெரிஞ்சவரு" என்றார் இக்னேஷியஸ்.

செல்லக்கண்ணு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பெரிய மனிதர் இருக்கிற இடத்தில் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

உள்ளே போனதும் எதிர்ச் சுவரில் அந்தப் படம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், ஒரு சுவர் அகலத்துக்கு. கீழே சின்னப் பலகையில் சுவேதா வாசித்தாள்: "ஆலங்கரை ஏரி, காலை. 1989. எண்ணெய் வண்ணம்."

செல்லக்கண்ணு அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் காலத்து ஏரி அப்படியே இருந்தது. மார்கழிப் பனி தண்ணீருக்கு மேல் ஒரு முழம் நின்றது. பனிக்குள்ளிருந்து வெளிச்சம் கிளம்பிக் கரைப்பக்கம் வந்துகொண்டிருந்தது. இந்த மனுஷனுக்கு ஏரி எப்படித் தெரிந்திருக்கிறது பார் என்று கண் கலங்கியது. அப்புறம் வீட்டைத் தேடினார். சாய்ந்த பனை சரியாக இருந்தது. மதகும் சரியாக இருந்தது. மதகிலிருந்து பனைக்குப் போகிற வழியில் அவர் வீடு இருக்க வேண்டும். அங்கே புல் இருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தார். பனிக்குள் மங்கலாக எங்காவது கூரை தெரிகிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். அடுத்த படத்துக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். மழைக்கால ஏரி, வற்றிய ஏரி, அந்தியில் ஏரி, ஊசுட்டேரி, வில்லியனூர் ஆறு என்று மூன்று அறை நிறையப் படங்கள். ஒன்றில்கூட வீடு இல்லை, ஆள் இல்லை. கொடியில் ஒரு துணிகூட இல்லை. கடைசி அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை அவரே எழுத்துக்கூட்டி வாசித்தார்: "மனிதக் காலடி படாத நீர்நிலைகளின் ஓவியர்."

"பா, இங்க வா" என்று சுவேதா கூப்பிட்டாள்.

நடு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இக்னேஷியஸின் பழைய நோட்டு ஒன்று விரித்து வைத்திருந்தது. பென்சில் படம். கரை, மதகு, சாய்ந்த பனை. பனைக்கும் மதகுக்கும் நடுவே ஒன்பது குடிசை. ஒரு குடிசையின் வாசலில் மகாலட்சுமி நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் குடம். அதற்குக் கீழே பொடி எழுத்தில், "கண்ணு வீடு. 2.6.89."

சுவேதா போனை எடுத்தாள். "படம் எடுக்கக் கூடாதுங்க" என்று காவலுக்கு நின்ற பெண் கையை நீட்டினாள். சரி, சாரையே கேட்டுக்கொள்வோம் என்று சுவேதா போனை உள்ளே வைத்துவிட்டாள்.

கூட்டம் குறைந்ததும் செல்லக்கண்ணு இக்னேஷியஸை ஓரமாக அழைத்துப் போனார். நோட்டீஸைப் பற்றி, கரைமேட்டைப் பற்றி, விசாரணையைப் பற்றி எல்லாம் சொன்னார். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டார்: "பெரிய படத்துல வூட்டக் காணமே சார்?"

இக்னேஷியஸ் சிரித்தார். "அது போட்டோ இல்லடா கண்ணு. படம். மனசுல தெரியறத வரையறது. வூடு, ஆளு, துணின்னு வந்துட்டா ஏரி சின்னதாப் பூடும். அதான் எடுத்துட்டேன். ஆனா நோட்டுல இருக்குது பாத்தியா? அதுதான் கண்ணால பாத்தது."

"அந்த நோட்டுப் பக்கம் ஒரு காப்பி குடுத்தீங்கன்னா போதும் சார்" என்றாள் சுவேதா. "கூடவே நீங்க ஒரு லெட்டர்."

"அதுக்கென்னம்மா? செவ்வாக்கெழம வா. எடுத்து வெக்கிறேன்." அவர் சுவேதாவின் தலையில் கை வைத்தார். கொஞ்ச தூரத்தில் கலைவேந்தன் யாருக்கோ படத்தை விளக்கியபடியே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே நோட்டு இருந்தது, வேறு பக்கம் விரிந்திருந்தது. ஒரு புளியமரம்.

கலைவேந்தன் மரியாதையாகத்தான் பேசினான். "பழைய பேப்பர் பாருங்க. ஒரே பக்கத்துல ரொம்ப நாள் வெளிச்சம் படக் கூடாது. வாராவாரம் திருப்புவோம்."

"ஒரு நிமிஷம் திருப்பிக் காட்டுங்க. ஒரு காப்பி எடுத்துக்கறோம். சார் வரச் சொன்னாரு."

"எழுதிக் குடுங்க. கமிட்டில வெக்கிறோம்."

சுவேதா அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். இக்னேஷியஸுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பும்போது வாசல் மேஜையில் அடுக்கியிருந்த கண்காட்சிப் புத்தகம் ஒன்றை அவள் எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் அறக்கட்டளையின் பணிகள் என்று ஒரு பட்டியல். மூன்றாவது வரியில், ஆலங்கரை ஏரி மீட்பு. ஆக்கிரமிப்பை அகற்ற மனுக் கொடுத்து, கரையில் நடைபாதை அமைப்பது.

"பா, நோட்டீஸ் வரக் காரணமே இவங்க போட்ட மனுதாம்பா" என்றாள்.

செல்லக்கண்ணு புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தில் இக்னேஷியஸ் சிரித்துக்கொண்டிருந்தார். "சாருக்கு இது தெரிஞ்சிருக்காது" என்றார்.

"பா..."

"தெரிஞ்சா வுடுவாரா? வுடு. ஊர்ல யாராண்டயும் சொல்லாத. விசாரணைக்கு அவரே வருவாரு."

விசாரணைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. தினமும் காலையில் தமிழ்க்குமரன் ஆட்டோவைக் கிளப்பும்போது, "படம் கைக்கு வந்துடுச்சா மாமா?" என்பான். "வரும், வரும்" என்பார் இவர். உள்ளுக்குள் எதுவோ அரித்தது. ஆனாலும் வாயைத் திறந்து, எதற்கும் நீயும் தேடு என்று சொல்ல அவருக்கு வரவில்லை. சொன்னால், சாரை நம்பவில்லை என்றாகிவிடும். பிற்பாடு அந்தப் பதினெட்டு நாளை நினைத்துத்தான் அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

விசாரணை ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மேஜை போட்டு விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார், நடுத்தர வயதுப் பெண்மணி. ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுப் பொறுமையாகக் கேட்டார். தடுப்பூசி அட்டையும் பழைய வைத்தியச் சீட்டும் கொண்டுவந்த ஒன்பது வீட்டுக்காரர்களுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் செல்லக்கண்ணுவைப் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தடியை ஊன்றிக்கொண்டு இக்னேஷியஸ் இறங்கினார்.

"பாத்தியா? சொன்னேன்ல?" செல்லக்கண்ணு தமிழ்க்குமரனின் தோளைப் பிடித்து உலுக்கினார். மகாலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கும்பிட்டாள். காரின் அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு கலைவேந்தனும் ஒரு வக்கீலும் இறங்கியதைச் சுவேதா மட்டும்தான் கவனித்தாள்.

வக்கீல் கண்காட்சிப் புத்தகத்தை மேஜையில் வைத்தார். தேதியோடு கூடிய படங்கள், ஏரிக்கரை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று, வரைந்தவரே வந்திருக்கிறார் என்றார். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இந்த வருஷங்கள்ல கரையில குடியிருப்பு இருந்துதா?"

இக்னேஷியஸ் தொண்டையைச் செருமினார். "நான் தண்ணியப் பாக்கறவன்மா. வெளிச்சத்தப் பாக்கறவன். மத்தது எனக்கு ஞாபகம் இல்ல. பாத்தத வரைஞ்சிருக்கேன்."

மண்டபத்தில் சத்தம் எழுந்தது. சுவேதா முன்னால் போனாள். "மேடம், இவரோட நோட்டுல ஒன்பது குடிசையோட பென்சில் படம் இருக்கு. 1989 ஜூன் தேதி. நானும் எங்கப்பாவும் கண்ணால பாத்தோம். காப்பி கேட்டு எழுதிக் குடுத்தோம், பதில் இல்ல."

"அப்படி ஒரு படம் இருக்கா சார்?"

இக்னேஷியஸ் கலைவேந்தனைப் பார்த்தார். பிறகு தன் தடியைப் பார்த்தார். "பென்சில் படம் நெறைய போடுவோம்மா. எங்கியோ பாத்த வூட்ட எங்கியோ சேத்து வெச்சிப் பாப்போம். அதெல்லாம் கற்பன. முடிச்ச படந்தான் நெசம்."

செல்லக்கண்ணுவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அருங்காட்சியகத்தில் நின்று இந்த மனுஷன் சொன்னதென்ன, இப்போது சொல்வதென்ன? காதில் விழுந்ததுதான் தப்போ என்று மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தப்பாக விழவில்லை.

அவர் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை, எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா?"

அதிகாரி தலையசைத்தார்.

"சார், எண்பத்தொம்போதுல ஏரிக்கு வந்தீங்களே. எங்க படுத்துத் தூங்குனீங்க?"

இக்னேஷியஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வில்லியனூர்லதான்" என்றார். "தெனமும் சைக்கிள்ல வந்துட்டு, பொழுது சாய வூட்டுக்குத் திரும்பிடுவேன்."

"அடப்பாவி!" மகாலட்சுமி பின்னாலிருந்து கத்தினாள். "அம்மை வந்து கெடந்தியே, பதினோரு நாளு யாரு ஒனக்கு..."

செல்லக்கண்ணு திரும்பி அவள் கையைப் பிடித்தார். "வேணாம் மகா. சோறு போட்டதச் சொல்லிக் காட்டாத."

"சொல்லாம? அவரு வாய் கூசாம சொல்றாரு, நான் சொல்லக் கூடாதா?"

"வேணாம்னா வேணாம். வா, உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதிகாரி பேனாவை மூடினார். அப்புறம், "ஆதாரம் இல்லாம என்னால எழுத முடியாதுங்க. இன்னும் ஆறு வாரம் டைம் குடுக்கறேன். வேற எதுனா கெடைச்சா கொண்டு வாங்க" என்றார்.

வெளியே தமிழ்க்குமரன் காத்திருந்தான். கோபத்தில் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் உயரவில்லை. "ரெண்டு மாசம் மாமா. அன்னிக்கே தேடப் போயிருப்பேன். ஒன்ன நம்பி ஒக்காந்தேன்" என்றான். ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் அதையும் சொல்லவில்லை. ஒதுங்கி நடந்தார்கள்.

மண்டபத்துக்குப் பக்கவாட்டில் வேப்பமரம். இக்னேஷியஸ் அங்கே தனியாக வந்து நின்று கூப்பிட்டார். "கண்ணு. ஒரு நிமிஷம் வாடா."

செல்லக்கண்ணு போனார்.

"என்னத் திட்டு. அடிச்சாலும் அடி. நாப்பது வருஷம் ஒருத்தனும் என் படத்த மதிக்கலடா. வூட்டுல பரண்ல கரையான் தின்னுச்சி. இவங்க வந்து எடுத்துத் தொடச்சி மாட்டுனாங்க. அந்தப் பக்கத்தக் காட்டுனா எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துருவோம்னுட்டாங்க. நான் இன்னும் எத்தினி வருஷம் இருக்கப் போறேன், சொல்லு." அவர் இன்னும் கிட்டே வந்தார். "என் வூட்ல பின்கட்டு சும்மாதான் கெடக்குது. நீயும் மகாலட்சுமியும் வந்து இருங்கடா. சாவுற வரைக்கும் இருங்க. ஒண்ணா இருப்போம்."

அவர் மனசாரத்தான் சொன்னார். அது செல்லக்கண்ணுவுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

"வேணாம் சார்" என்றார். "அங்க வந்து நாங்க இருந்தாலும், நாளைக்கு யாருனா வந்து கேட்டா, இங்க யாரும் இல்லன்னுதான் சொல்லுவீங்க."

திரும்பி நடந்தார். பின்னால் அவர் பெயரைச் சொல்லி இன்னொரு தடவை கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

இரண்டு நாள் செல்லக்கண்ணு சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏழு வருஷமும் இந்த மனுஷன் நம் பக்கத்தில் உட்கார்ந்து, நம் கையால் சாப்பிட்டுக்கொண்டே, ஒவ்வொரு நாளும் நம்மை அழித்து அழித்துப் பார்த்திருக்கிறான் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"எங்க போற?" என்றாள் மகாலட்சுமி.

"நான்தான அவங்க காலக் கட்டிப் போட்டேன். நானே போயித் தேடறேன்."

ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போனார். பழைய ரிஜிஸ்டர்கள் வெள்ளத்தில் போய்விட்டன என்றார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு வாரம் நடந்தார். பழைய தெருவிளக்குக் கணக்கில் கரைமேடு 1997-ல்தான் வருகிறது, இரண்டு வருஷம் பிந்திவிட்டது. கடைசியில் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குப் போனார். தலைமை ஆசிரியை ஆனி மேரி, முப்பதைத் தாண்டாத பெண். "பழைய அட்மிஷன் நோட்டெல்லாம் ஸ்டோர் ரூம்ல கெடக்குதுங்க ஐயா. யாரு தேடறது?" என்றாள். "நான் தேடறேம்மா" என்றார்.

ஒட்டடையும் எலிப் புழுக்கையுமாக நாலு நாள். தகர அலமாரிக்கு அடியில் 1993-ம் வருஷத்து நோட்டு கிடைத்தது. அப்போது இருந்த தலைமை ஆசிரியர் விவரமானவர். பிள்ளைகளின் விலாசத்தில் வெறும் ஊர்ப் பெயரை எழுதாமல், "ஏரிக்கரை மேடு" என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் பார்த்தார் செல்லக்கண்ணு. ஏழு வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒருவன் ஐந்து வயதுத் தமிழ்க்குமரன்.

அவர் மகன் ராமுவின் பெயர் இல்லை. இருக்காது என்று தேடத் தொடங்கும்போதே தெரியும். அந்த வருஷம் ராமுவுக்கு மூன்று வயசுதான், பிற்பாடு படித்ததும் பூரணாங்குப்பத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கித்தான். பிறந்ததும் அங்கேதான், பதிவும் அங்கேதான். சுவேதா பிறந்ததோ தொண்ணூற்றெட்டில்.

ஆனி மேரி ஏழு பேருக்கும் சான்றிதழ் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாள். "உங்க வீட்டுப் பேரு எதுங்க ஐயா?" என்று கேட்டாள். "நம்மளுது இதுல இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆறு வாரக் கெடு முடிவதற்குள் ஏழு வீட்டுக்காரர்களுக்கும் மனை எழுதியாகிவிட்டது. மீதிப் பதினாறு வீட்டுக்காரர்களுக்காகச் சுவேதா ஒரு வக்கீலைப் பிடித்து மேல்முறையீடு போட்டாள். நோட்டைக் கோர்ட் மூலமாக வரவழைக்கச் சொல்லியும் மனுப் போட்டாள். அந்தப் பக்கத்தில் கறை பட்டதால் தனியே எடுத்துவிட்டோம் என்று அறக்கட்டளையிலிருந்து பதில் வந்திருக்கிறது. வழக்கு நடக்கிறது, இடிக்கத் தடை மட்டும் கிடைக்கவில்லை. கூட்டம் அதிகம் என்று கண்காட்சியை இரண்டாம் தடவையாக இன்னும் ஒரு மாசம் நீட்டித்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். இக்னேஷியஸ் எண்ணிலிருந்து அவ்வப்போது போன் வரும். மகாலட்சுமி எடுத்துக் கட் பண்ணிவிடுவாள்.

வண்டி வந்து வீட்டை இடிக்கும்வரை செல்லக்கண்ணு காத்திருக்கவில்லை. முன்னாடியே ஓட்டையும் கதவையும் தானே கழற்றினார். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சாமானோடு ரோட்டோரம் நின்றிருந்தபோது தமிழ்க்குமரன் ஆட்டோ வந்து நின்றது. இறங்கினவன் கதவை எடுத்து ஆட்டோ மேல் வைத்துக் கட்டினான்.

"எங்கடா?" என்றாள் மகாலட்சுமி.

"எம்மனை சும்மாதான கெடக்குது அத்த. கேஸ் முடியட்டும்."

புது மனைகள் ஊருக்குக் கிழக்கே, புறம்போக்கு மேட்டில். மரம் இல்லை, தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. தமிழ்க்குமரன் மனையின் ஓர் ஓரத்தில் தகரம் போட்டு நாலு பக்கமும் தட்டி கட்டிக்கொண்டார்கள். அவன் தன் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தான். ரெண்டு வீட்டுக்கும் பத்தடிதான் இடைவெளி. முன்போல மாமா என்று கூப்பிட்டுக் கதை பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான். செல்லக்கண்ணுவும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவன் தன் கொட்டகையிலிருந்து வொயர் இழுத்து வந்து, இவர்கள் தகரத்துக்குள் ஒரு பல்ப் மாட்டினான். ஸ்விட்சைப் போட்டுவிட்டு வெளியே போனவன், உள்ளே வெளிச்சம் வந்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினான்.